இளம் ரெட்ரீவரை வாத்து எடுத்துவரப் பழக்குதல்: குமரி மாவட்ட நாய் வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

லேப்ரடாரும் கோல்டன் ரெட்ரீவரும் குமரி மாவட்டத்து வீடுகளில் இன்று சாதாரணமாகக் காணக் கிடைப்பவை. சுடப்பட்டு நீரில் விழுந்த வாத்தைச் சேதமின்றிக் கவ்வி வந்து வேட்டைக்காரரின் கையில் ஒப்படைப்பதற்கென்றே வளர்த்தெடுக்கப்பட்ட இனங்கள் இவை என்பதை அறிந்தவர்கள், தங்கள் குட்டிக்கும் அந்த வேலையைக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று கேட்கிறார்கள். முடியும். ஆனால் ஓடுவதையும் நீந்துவதையும் கவ்வுவதையும் இந்த நாய் பிறவியிலேயே கொண்டுவந்துவிடுகிறது. நாம் கற்றுக்கொடுக்க வேண்டியது பெரும்பாலும் அசையாமல் காத்திருப்பதைத்தான். கீழே உள்ள விடைகள் பலவும் சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்பதற்கு அதுவே காரணம்.

நம் மாவட்டத்தில் வாத்து வேட்டைக்கு நாயை அழைத்துச் செல்ல அனுமதி உண்டா?

இல்லை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, அட்டவணைகளில் உள்ள உயிரினங்களை வேட்டையாடுவதைத் தடை செய்கிறது. முன்பு உரிமம் பெற்றுச் சுடுவதற்கு இருந்த வழியும் 1991-ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு அடைபட்டுவிட்டது. இதில் பலர் கவனிக்கத் தவறுவது, வேட்டை என்பதற்குச் சட்டம் தரும் பொருள் மிக விரிவானது என்பதைத்தான்: கொல்வது மட்டுமன்றி, பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது, இவற்றுக்கு முயல்வது, முட்டையையோ கூட்டையோ கலைப்பது ஆகிய எல்லாம் அதில் அடங்கும். எனவே கையில் துப்பாக்கி இல்லாமலேயே, தேரூர்க் குளத்தில் இறங்கியிருக்கும் சீழ்க்கைச் சிறகி வாத்துக் கூட்டத்தின் மீது நாயை ஏவிவிட்டு வேடிக்கை பார்ப்பதும் குற்றமே ஆகும். 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் பொதுவான மீறலுக்கு 3 ஆண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சரணாலய எல்லைக்குள் வேட்டையாடினால் தண்டனை இன்னும் கடுமையானது. சுசீந்திரம்–தேரூர் ஈரநிலத் தொகுதியும் வேம்பனூர் ஈரநிலத் தொகுதியும் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டவை என்பதால், அங்கே கண்காணிப்பும் ஊர்க்காரர்களின் கவனமும் கூடுதலாகவே இருக்கின்றன.

வேட்டையே இல்லையென்றால் இந்தப் பயிற்சி எதற்கு?

நாய்க்காகத்தான். ஒரு லேப்ரடாரின் மூளை, மூக்கு, உடல் மூன்றுக்கும் ஒருசேர வேலை கொடுப்பது இந்தப் பயிற்சி ஒன்றுதான் என்பது என் கருத்து. பிரிட்டனில் பறவை எதையும் சுடாமல், டம்மி எனப்படும் திணித்த பொதிகளை மட்டும் வைத்து நடத்தப்படும் போட்டிகள் நெடுங்காலமாக இருந்துவருகின்றன; அங்கே மதிப்பெண் பெறுவது நாயின் அமைதியும் நேர்கோட்டு ஓட்டமும் மென்மையான கவ்வலும்தான். வேட்டை சட்டப்படி நடக்கும் நாடுகளிலும் நல்ல பயிற்சியாளர்கள் முதல் ஓராண்டில் உண்மையான பறவையை அரிதாகவே பயன்படுத்துகிறார்கள். ஆகவே அந்த ஓராண்டுப் பாடம் முழுவதையும் இங்கே எந்தச் சட்டத்தையும் மீறாமல் நடத்த முடியும்.

எந்த இனம், எப்படிப்பட்ட குட்டி?

இங்கே எளிதில் கிடைப்பது லேப்ரடார்தான். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் மீனவர்களோடு வேலை செய்த நாய்களின் வழிவந்த இனம் இது. இங்கிலாந்தின் கென்னல் கிளப் இதை 1903-இல் தனி இனமாக ஏற்றது. கோல்டன் ரெட்ரீவரும் நன்றாகவே கற்கும், ஆனால் அதன் நீண்ட முடி நம் ஊர் ஈரத்தில் எளிதில் காயாது.

தாயையும், இயன்றால் தந்தையையும் நேரில் பாருங்கள். இடுப்பு மூட்டுக் கோளாறு இந்த இனங்களில் பரம்பரையாக வருவது. பெற்றோருக்கு இடுப்பு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்களா என்று கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். 2 மாதம் நிறையாத குட்டியை விற்பதை 2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகள் தடை செய்கின்றன. பயிற்சி நோக்கில் பார்த்தாலும் தாயோடும் உடன்பிறப்புகளோடும் அந்த 8 வாரம் இருந்த குட்டிதான் தன் கடியின் வலிமையை அடக்கக் கற்றிருக்கும். நாளை பொருளை மென்மையாகக் கவ்வப்போவதும் அந்த வாய்தானே.

எந்த வயதில், எதில் தொடங்குவது?

குட்டி வீட்டுக்கு வந்து சூழல் பழகிய முதல் வாரத்திலேயே தொடங்கலாம், ஆனால் விளையாட்டாக மட்டும். இருபக்கமும் சுவர் உள்ள நடைவழி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எல்லாக் கதவுகளையும் சாத்திவிட்டுத் தரையில் உட்காருங்கள். உருட்டிக் கட்டிய பழைய காலுறையைக் குட்டியின் கண்ணெதிரே அசைத்துக் காட்டி, இரண்டு மீட்டர் தூரத்தில் உருட்டிவிட்டால் அது ஓடிப்போய்க் கவ்வும். கவ்விய பின் அது தன் படுக்கைக்கோ கட்டிலுக்கடியிலோ கொண்டுபோக நினைக்கும். ஆனால் நடைவழியில் திரும்பிவர உங்கள் மடியைத் தவிர வேறு வழியில்லை. வந்ததும் காலுறையைப் பறித்துவிடாதீர்கள். வாயில் இருப்பதைக் கண்டும் காணாததுபோல் விட்டு, நெஞ்சையும் காதின் அடிப்பகுதியையும் தடவிக்கொண்டே இருந்தால், தாடை தானாகத் தளர்ந்து வருவது உங்கள் கைக்கே தெரியும். அந்த நேரத்தில் ‘விடு’ என்று சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். பறிக்கப்பட்ட குட்டி அடுத்த முறை இறுக்கிக் கடிக்கும் அல்லது எட்டாத தூரத்தில் நின்றுகொள்ளும். பிற்காலத்தில் பறவையை நசுக்கும் நாய்கள் பலவும் இப்படி உருவானவைதான்.

ஒரு வேளைக்கு இரண்டு மூன்று வீச்சு போதும். இன்னும் வேண்டும் என்று அது கேட்கும்போதே நிறுத்திவிட வேண்டும். வீட்டுக்கு வந்த விருந்தாளிகளுக்குக் காட்டுவதற்காக இருபது முறை எறிவது, ஒரு மாத உழைப்பை ஒரு மாலையில் கெடுத்துவிடும். இழுபறி விளையாட்டு எந்த வயதிலும் வேண்டாம்.

பல் விழும் வயதில் நிறுத்த வேண்டுமா?

ஆம். ஏறத்தாழ 4 முதல் 6 மாதம் வரை ஈறு வலிக்கும். அப்போது எடுத்துவரும் பயிற்சியை நிறுத்திவைத்து, உட்காருதல், கூப்பிட்டால் வருதல், பக்கத்தில் நடத்தல் ஆகியவற்றில் மட்டும் கவனம் செலுத்துங்கள். கவ்வினால் வலிக்கும் என்று அந்த வயதில் பதிந்துவிட்டால் அதை மாற்றுவது கடினம்.

கட்டளைகள் தமிழில் இருக்கலாமா?

தாராளமாக இருக்கலாம். ஆனால் வீட்டில் உள்ள எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். தாத்தா ஒன்றும் பேரன் ஒன்றுமாகச் சொன்னால் நாய் இரண்டையும் கேட்காது. ‘வா’, ‘தா’ இரண்டும் தூரத்தில் ஒன்றுபோல ஒலிப்பதால், கொடுப்பதற்கு ‘விடு’ என்று வைத்துக்கொள்வது நல்லது. இரு, வா, எடு, விடு ஆகிய நான்கோடு ஓராண்டை ஓட்டிவிடலாம். நீரிலும் காற்றிலும் குரல் எட்டாது என்பதால் 5 மாதத்திலிருந்தே விசிலும் சேர வேண்டும்: நீளமான ஒற்றை ஊதல் என்றால் அந்த இடத்திலேயே உட்கார வேண்டும், குட்டையாகத் தொடர்ந்து ஊதினால் திரும்பி வர வேண்டும். ரெட்ரீவர் வைத்திருப்போர் பரவலாகப் பயன்படுத்துவது ஆக்மி 211½ எண் விசில். தொலைந்தாலும் அதே சுருதியில் இன்னொன்று கிடைக்கும் என்பதே அதன் பெரிய சிறப்பு.

எறிந்தவுடன் பாய்கிறது, உட்கார்ந்தே இருக்க மறுக்கிறது. என்ன செய்வது?

எல்லாரும் கேட்பது இதுதான். பெரும்பாலானோர் பாதியில் கைவிடுவதும் இங்கேதான். வாத்து வேட்டையில் நாய் பெரும்பகுதி நேரத்தை நாணல் மறைவில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தே கழிக்கிறது. பறவை விழுந்ததைப் பார்த்தும், அருகில் வேறொரு நாய் ஓடுவதைப் பார்த்தும், தன் முறை வரும்வரை அது காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருக்கத் தெரியாத நாய் படகைக் கவிழ்க்கும், சுடும் திசையில் குறுக்கே பாயும். அதன் உயிருக்கே அது ஆபத்து.

6 மாதத்துக்குப் பின் இதைப் படிப்படியாகத் தொடங்குங்கள். முதலில் உணவுத் தட்டை வைத்துவிட்டு, பெயரைச் சொல்லி அனுப்பும்வரை உட்காரவைப்பது. அடுத்து, நாயை உட்காரவைத்துவிட்டு அதைச் சுற்றி டம்மிகளைப் போடுவதும், நீங்களே நடந்துபோய் அவற்றைப் பொறுக்குவதும். விழும் பொருள் எல்லாம் தனக்கல்ல என்பதை நாய் இதிலிருந்துதான் கற்கிறது. நான் பார்த்தவரை நன்கு பழகிய நாய்க்கும் எறிவதில் பாதியை மனிதரே பொறுக்குவதுதான் சரி. அதன்பின் கழுத்துப்பட்டைக்குள் ஒரு மெல்லிய கயிற்றை மடித்துக் கோத்து இரு முனைகளையும் கையில் பிடித்துக்கொண்டு எறியுங்கள். துள்ளும், திமிறும். கயிற்றைச் சுண்டி இழுக்காமல், நகர முடியாதபடி மட்டும் பிடித்துக்கொண்டு, உடல் தளர்ந்து பின்புறம் மீண்டும் தரையில் படிந்த பிறகே ‘எடு’ என்று சொல்லி ஒரு முனையை விட்டுவிடலாம்.

பாய்ந்தே எடுத்துவந்துவிட்டால் திட்டுவதில் பயனில்லை, ஏனெனில் அதற்கான பரிசு ஏற்கெனவே அதன் வாயில் இருக்கிறது. எறிந்தவர் முந்திக்கொண்டு டம்மியை எடுத்துவிடுவதுதான் நாய்க்குப் புரியும் மறுமொழி. இதற்கு இரண்டாவது ஆள் ஒருவர் தேவை; தெருவிலுள்ள பள்ளிப் பிள்ளைகள் இந்த வேலையை மகிழ்ச்சியோடு செய்வார்கள்.

டம்மியை வீட்டிலேயே செய்யலாமா?

செய்யலாம். கெட்டியான கித்தான் துணியில் ஒரு நீண்ட பையைத் தைத்து, உள்ளே மிதக்கும் பொருளாக மூடிய சிறு பிளாஸ்டிக் புட்டிகளையும் துணித் துண்டுகளையும் திணித்து, முனையில் கயிறு கோத்தால் போதும். குட்டிக்குக் கால் கிலோ எடையும் வளர்ந்த நாய்க்கு அரைக் கிலோ எடையும் சரியாக இருக்கும். தேங்காய் நாரையோ கதம்பலையோ வெளியே தெரியும்படி வைக்காதீர்கள். நார் பிய்ந்து வயிற்றுக்குள் போகும், மெல்லும் பழக்கமும் வந்துவிடும். நாயின் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் வேறுபடாது என்பதால், புல்வெளியில் நமக்குப் பளிச்சென்று தெரியும் ஆரஞ்சு நிற டம்மி அதற்குப் புல்லோடு புல்லாகத்தான் தெரியும். நாய் பார்த்து எடுக்க வேண்டியதற்கு வெள்ளையும், பார்க்காமல் மோப்பத்தால் தேட வேண்டியதற்கு ஆரஞ்சும் பொருத்தமானவை.

வாத்தின் மணம் வேண்டுமென்றால் இறைச்சிக் கடையில் வளர்ப்பு வாத்தின் சிறகை வாங்கி உலர்த்தி டம்மியில் கட்டுங்கள். குளக்கரையில் கிடக்கும் காட்டுப் பறவையின் உடலையோ இறகையோ எடுக்க வேண்டாம். சட்டச் சிக்கலோடு நோயும் வரும்.

எங்கே, எப்போது நீரில் இறக்குவது?

குட்டி 4 மாதம் தாண்டி, தடுப்பூசிகள் முடிந்த பின், வெயிலில் சற்று வெதுவெதுப்பான தேங்கிய நீரில் தொடங்குங்கள். கரை சரிவாக இருந்து, நாய் நடந்தபடியே உள்ளே போகவும் நடந்தபடியே வெளியேறவும் இயல வேண்டும். தூக்கிப் போட்டால் நீந்தக் கற்கும் என்பது தவறு. நீந்தக் கற்கும், கூடவே உங்களை நம்பாமல் இருக்கவும் கற்கும். நீங்களே முழங்காலளவு நீரில் இறங்கி நின்றால் பெரும்பாலான குட்டிகள் பின்னாலேயே வந்துவிடும். நீந்தும் வயது வந்த நாய் ஒன்று கூட இருந்தால் இன்னும் எளிது.

இடம்தான் இங்கே சிக்கல். மாவட்டத்துக்குக் குளப் பஞ்சம் இல்லை என்றாலும், பறவைகள் தங்கும் தேரூர், சுசீந்திரம், வேம்பனூர்க் குளங்களையும் மணக்குடிக் காயலையும் புத்தளம் உப்பளப் பகுதியையும் ஆண்டு முழுவதும் விலக்கிவிடுங்கள். வலசைப் பறவைகள் பெருகும் அக்டோபர் முதல் மார்ச் வரை, ஊசிவால் வாத்துகள் இறங்கும் எந்தக் குளத்துக்கும் இதே விதிதான். தாமரை படர்ந்த குளங்களில் நீருக்கடியிலுள்ள தண்டுகள் நாயின் காலைச் சுற்றும். ஆகாயத்தாமரை மூடிய நீரில் ஆழம் தெரியாது. பேச்சிப்பாறை அணை நீர் திறக்கப்பட்டுவிட்டால் தோவாளைச் சானல், அனந்தனார் சானல் போன்றவற்றில் இழுப்பு அதிகம். சுவர் செங்குத்தாக உள்ள இடங்களில் இறங்கிய நாயால் ஏறவே முடியாது. மடையருகே ஒருபோதும் எறியாதீர்கள். கடலும் வேண்டாம், உப்புநீரை விழுங்கினால் வாந்தியும் கழிச்சலும் உறுதி.

எஞ்சுவது உரிமையாளர் அனுமதியோடு பயன்படுத்தும் தோட்டக் குட்டையும் பண்ணைக் குட்டையும்தான். உண்மையில் அவையே போதும். குலசேகரம், அருமனைப் பக்கத்தில் ரப்பர்த் தோட்டத்துக் குட்டையாக இருந்தால், ஷீட் அடிக்கும் கொட்டகையின் கழிவுநீர் அதில் இறங்குகிறதா என்று முதலில் பாருங்கள்; ரப்பர்ப் பாலை உறையவைக்கும் அமிலம் கலந்த நீர் அது. கோடையில் பச்சைப் பாசி மிதக்கும் நீரும் நஞ்சாகலாம்.

கரையேறியதும் டம்மியைக் கீழே போட்டுவிட்டு உடலை உதறுகிறது.

காதில் நீர் சொட்டும்போது உதற வேண்டும் என்ற உந்துதல் நாய்க்கு மிக வலுவானது. வேட்டையில் காயம்பட்ட வாத்து நழுவிப்போவது இந்தக் கணத்தில்தான் என்பதால் பயிற்சியாளர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள். கரையில் எட்டி நின்று காத்திருக்காமல், நீர் விளிம்பிலேயே நில்லுங்கள். நாயின் முன்னங்கால் தரையில் பட்டு, முதுகு இன்னும் நீரிலிருந்து முழுதாக வெளிவராத நேரத்தில் கையை நீட்டி வாங்கிவிட்டு, அதன்பின் உதறச் சொல்லுங்கள். அது பழகிய பின், ஒவ்வொரு முறையும் ஓரடி பின்னால் தள்ளி நில்லுங்கள். நாய் தலையைச் சாய்த்து உதறத் தொடங்குவது தெரிந்தால், திரும்பி விரைவாக நடந்துவிடுங்கள். துரத்திவரும் நாய் உதற மறந்துவிடும். பத்தடி தூரம் வரை இப்படியே நீட்டிக்கலாம். அவசரப்பட்டால் மறுபடி நீர் விளிம்புக்கே திரும்ப வேண்டியிருக்கும்.

நேராகப் போகாமல் வரப்பின் மீதும் கரையைச் சுற்றியும் ஓடுகிறதே?

நாய்க்கு அது புத்திசாலித்தனம். வேட்டையில் அது குறை. கரையைச் சுற்றி ஓடும் நாய் வாத்து விழுந்த இடத்தை மறந்துவிடும். நாஞ்சில் நாட்டு வயல்கள் இதைத் திருத்துவதற்கு அருமையான இடம். கன்னிப்பூ அல்லது கும்பப்பூ நெற்பருவத்தின் அறுவடை முடிந்து, அடுத்த உழவு தொடங்கும் முன், வயல்காரரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். வரப்புக்குச் செங்குத்தாக நாயை உட்காரவைத்து, ஒரே ஒரு வரப்புக்கு அப்பால் எறிந்து அனுப்புங்கள். அதை நேராகத் தாண்டப் பழகிய பின் இரண்டு வரப்பு. கோணலாக எறிவது எல்லாவற்றுக்கும் பின்னால்தான், ஏனெனில் கோணத்தில்தான் வரப்பு நாயைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். தூரத்தை 20 மீட்டரில் தொடங்கி, பிழையின்றி வந்தால் 50, பிறகு 100 என்று கூட்டலாம். நீரிலும் இதே முறைதான்.

நாய் பார்க்காத இடத்தில் கிடப்பதை எடுக்கவைப்பது எப்படி?

இது ஓராண்டு கடந்த நாய்க்கான பாடம். வரப்பின் முனையில் நாய் பார்க்கவே டம்மியை வைத்துவிட்டு, அதை அழைத்துக்கொண்டு தொலைவு நடந்து, திரும்பி அனுப்புங்கள். நினைவை நம்பி ஓடப் பழகும். பிறகு அதே இடத்தில் அது பார்க்காதபோது வைத்து அனுப்பலாம். இடம், வலம், பின்னால் என்ற கைச்சைகைகளுக்கு, நாயை எதிரே உட்காரவைத்து அதன் இரு பக்கமும் முதுகுக்குப் பின்னாலும் ஒவ்வொரு டம்மியைப் போட்டு, கை நீட்டிய பக்கத்துக்கு மட்டும் அனுப்ப வேண்டும். ஒற்றை விசிலுக்கு ஓட்டத்தின் நடுவே உட்காராத நாய்க்கு இதைக் கற்பிப்பது வீண்வேலை.

வெடிச்சத்தத்துக்கு எப்படிப் பழக்குவது?

கோயில் கொடை, தேவாலயத் திருவிழா, தீபாவளி என்று ஆண்டு முழுதும் வெடிக்கும் மாவட்டம் இது. அந்த இரவுகளைப் பயிற்சியாக எண்ணிக் குட்டியை வெளியே கொண்டுபோகாதீர்கள். ஒருமுறை மிரண்டுவிட்டால் மீட்க மாதங்கள் ஆகும், சில நாய்கள் மீளாமலேயே போவதுண்டு. சாப்பிடும் நேரத்தில் அடுத்த அறையில் பாத்திரத்தைத் தட்டுவதில் தொடங்கி, பொட்டுவெடித் துப்பாக்கியை 100 மீட்டருக்கு அப்பால் வேறொருவர் அடிக்க, நாயின் கண்ணெதிரே டம்மி விழும்படி செய்யுங்கள். காது பின்னால் மடிந்தாலோ வால் இறங்கினாலோ தூரத்தைக் கூட்ட வேண்டும். எந்த நாளிலும் தலைக்கு மேல் வெடிக்க வேண்டியதில்லை.

அறுவடை வயலில் மேயும் வாத்து மந்தையைத் துரத்தினால்?

நூற்றுக்கணக்கான வாத்துகளோடு வரும் மேய்ப்பருக்கு உங்கள் நாயின் பரம்பரைப் பெருமை தேவையில்லை. மந்தை கண்ணில் படும் தூரத்தில், 10 மீட்டர் கயிற்றில் கட்டி, பக்கத்தில் நடக்கவைத்து, மந்தையிலிருந்து பார்வையைத் திருப்பி உங்களைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் தின்பண்டம் கொடுங்கள். இது தேறும்வரை திறந்த வயலில் கயிற்றை அவிழ்க்காதீர்கள்.

உடல்நலத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் வெப்பம். இரட்டை அடுக்கு முடி கொண்ட இந்த நாய்க்குக் குமரியின் ஈரவெப்பம் ஒவ்வாது. காலை 7 மணிக்குள் முடித்துவிடுங்கள். நாக்கு அகன்று தொங்கி, ஈறு செக்கச்சிவந்து, நடை தள்ளாடினால் உடனே நிழலில் உடல் முழுதும் நீரூற்றி, விசிறியபடி கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

வயலிலும் குட்டையிலும் இறங்கும் நாய்க்கு எலிக்காய்ச்சல் தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாமல் போடுங்கள். அது எல்லா வகைக் கிருமிக்கும் காப்பு அல்ல, எனவே பூச்சிமருந்து தெளித்த வயல்நீரைப் போலவே எலி வளை நிறைந்த வரப்போரத் தேக்கத்தையும் தவிர்க்க வேண்டும். ரேபிஸ் ஊசி 3 மாதத்தில். ஒவ்வொரு நீச்சலுக்குப் பின்னும் தொங்கும் காதின் உட்புறத்தைத் துடைத்துக் காயவையுங்கள், விரலிடுக்கில் உண்ணி தேடுங்கள். நீரில் தொடர்ந்து பல முறை எடுத்துவரும் நாய் கணிசமான நீரை விழுங்கும். தள்ளாட்டமும் வாந்தியும் தோன்றினால் அது அவசர நிலை. ஓராண்டு வரை உயரத்திலிருந்து குதிக்க விட வேண்டாம், எலும்பு முனைகள் முற்றியிருக்காது.

மின் அதிர்ச்சிப் பட்டை வாங்கலாமா?

வேண்டாம். தொடக்கநிலை வளர்ப்பாளரின் கையில் அது நீரையும் டம்மியையும் பயப்படும் நாயைத்தான் உருவாக்கும்.

வெளிநாட்டில் வசிக்கும் உறவினர் நாயை வேட்டைக்குக் கொண்டுபோக விரும்புகிறார். இங்கே பழகியது அங்கே உதவுமா?

அடிப்படை முழுவதும் உதவும். அமெரிக்கன் கென்னல் கிளப் 1985 முதல் நடத்திவரும் வேட்டைத் தேர்வுகளில் இளநிலை, முதுநிலை, உயர்நிலை என்று மூன்று படிகள் உண்டு. இளநிலையில் கேட்கப்படுவது, விழுவதைப் பார்த்து, நிலத்திலும் நீரிலும் எடுத்துவந்து கையில் கொடுப்பதுதான். அங்கே புதிதாகப் பழக வேண்டியவை குளிர்ந்த நீர், உண்மையான பறவையின் இறகும் எடையும், படகிலிருந்து இறங்குவது, மிதக்கவிடும் பொம்மை வாத்துகளைக் கண்டுகொள்ளாமல் கடந்துபோவது ஆகியவை. கடைசியாகச் சொன்னதை மட்டும் இங்கேயே தொடங்கிவிடலாம்: நான்கைந்து பிளாஸ்டிக் வாத்துகளை முதலில் முற்றத்தில் பரப்பி அவற்றினூடே நாயைக் கயிற்றில் நடத்தி, பிறகு குட்டையில் மிதக்கவிட்டு, அவற்றுக்கு அப்பால் டம்மியை எறியுங்கள்.